பள்ளி முகவரிக்கு வரும் புத்தகப் பார்சல்கள்

கடிதம்

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தமிழாசிரியை எழுதியிருக்கிறார். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை, வயது 46. கணவர் கூட்டுறவுத் துறையில் இருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு. சொந்த வீடு, வீட்டுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டுப் பக்கக் கடிதம் என்பதால் சுருக்கியும் தருகிறேன்.

வீட்டில் 600 புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. வாசித்தவை 180 தேறும் என்கிறார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஜூலையில் நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு, நடுவில் மாவட்டப் புத்தகத் திருவிழா, ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் தள்ளுபடி. போதாததற்கு, புத்தகம் அச்சாகும் முன்பே பணம் கட்டிவைக்கும் முன்வெளியீட்டுத் திட்டங்கள் வேறு. கடந்த ஜனவரியில் மட்டும் 18,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார், கிரெடிட் கார்டில். அதற்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறார். இணையத்தில் வாங்குபவை பள்ளி முகவரிக்கு வருகின்றன. ஆசிரியர் அறை பீரோவில் சில நாள் தங்கிவிட்டு, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களோடு ஒரே கட்டாக ஸ்கூட்டியில் வீடு சேர்கின்றன.

வாங்கியவற்றை அடுக்கிப் படமெடுத்து முகநூலில் போடுவது அவர் வழக்கம். கணவர் முகநூலில் இல்லை. நாத்தனார் இருக்கிறார். படத்தைப் பார்த்த நாத்தனார் அண்ணனுக்குப் போன் போட, வீட்டில் பெரிய சண்டை. “நீ என்கிட்ட மறைச்சது புஸ்தகத்தையா, கடனையா?” என்று கணவர் கேட்டிருக்கிறார். கோபத்தில், “படிக்காம கெடக்கறத எல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுடறேன்” என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியையிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ‘அடுத்து வாசிக்க வேண்டியவை’ என்று 2019இல் 30 தலைப்புகளோடு தொடங்கியது, இன்று 214இல் நிற்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் “இந்த வருஷம் 50 புத்தகம்” என்று சபதம் எடுக்கிறார். ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டில் ஒரு புத்தகத்தைக்கூட முடிக்கவில்லை. “ராத்திரி எல்லா வேலையும் முடித்துப் படுக்கையில் எடுத்தால் இரண்டு பக்கத்தில் கண் எரிகிறது, எழுத்து கலங்குகிறது, தலையை வலிக்கிறது. மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேன்” என்று எழுதுகிறார்.

கேட்டிருப்பவை நான்கு. இது நோயா? கணவர் என் புத்தகங்களை விற்கலாமா? வாங்கியதையெல்லாம் எப்படி வாசித்து முடிப்பது? வரும் ஜனவரியில் சென்னைக்குப் போகலாமா, கூடாதா?

பதில்

டீச்சர்,

நான்குக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் அரை வரியில் நீங்கள் தாண்டிப்போன ஓர் இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. “அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போன பிறகு” என்று தொடங்கியவர், அடுத்த சொல்லிலேயே ஈரோட்டில் கிடைத்த தள்ளுபடிக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் ஆங்காங்கே கொடுத்திருக்கும் தேதிகளைக் கோத்துப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் வாசிப்பு குறைந்திருக்கிறது, அவர் போன பிறகு அடியோடு நின்றிருக்கிறது. வாங்குவது இரண்டு மடங்கானதும் அதே மாதங்களில்தான். முன்வெளியீட்டுத் திட்டங்களுக்குப் பணம் கட்டியது, ஒரே வாரத்தில் மூன்று பார்சல் வந்தது எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே உங்கள் பிரச்சினையை நான் வேறு மாதிரி எழுதுவேன். நீங்கள் அதிகமாக வாங்குவது இதில் சிறிய பகுதி. உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது, அது இருந்த இடத்தில் வாங்குவதை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகம் வாங்கும் நிமிடத்தில் பழைய வாசகியாக உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள முடிகிறது. படம் போட்டதும் நாலு பேர் “அருமையான தேர்வு டீச்சர்” என்கிறார்கள். வாசித்து முடித்தால் கிடைக்க வேண்டிய நிறைவில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. பிறகு புத்தகம் பீரோவில் படுத்துக்கொள்கிறது.

நோயா?

நோய் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் போதிய ஆதாரம் இல்லை. இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, பொருள்களைக் குவித்து வைக்கும் கோளாறு தனக்கு இருப்பதாக முடிவுகட்டியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கோளாறு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் அதற்கான அடையாளங்கள் கடுமையானவை. மதிப்பு இருக்கிறதோ இல்லையோ எதையும் விட்டுக்கொடுக்க முடியாமல் தவிப்பது, குவியலால் வீட்டின் அறைகள் புழங்க முடியாமல் போவது, சமையலறையில் சமைக்கவோ கட்டிலில் படுக்கவோ இடமில்லாமல் ஆவது. உங்கள் வீட்டில் கூடத்தில் இரண்டு அலமாரியும் பரணில் ஐந்து அட்டைப்பெட்டியும் இருக்கின்றன. போன வருடம் சக ஆசிரியைக்கு இருபது புத்தகம் கொடுத்ததை நீங்களே சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களால் அப்படி எளிதில் கொடுக்க முடியாது.

கட்டுப்பாடில்லாமல் வாங்குவது என்பது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. வாங்காவிட்டால் இருப்புக்கொள்ளாத பதற்றம், வாங்கியதும் குற்ற உணர்வு, கடன், பொய், மறுபடியும் அதே சுற்று என்று போகிறதா என்று பார்ப்பார்கள். கடனும் பொய்யும் உங்களிடம் தொடங்கியிருக்கின்றன. அதனால் ‘ஒன்றுமில்லை’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பவும் எனக்கு மனமில்லை. இப்போது கவனித்தால் எளிதில் சரியாகக்கூடிய கட்டத்தில் இருக்கிறீர்கள்.

வாசிக்காத புத்தகம் வீட்டில் இருப்பது மட்டுமே குறை இல்லை. புத்தகம் சேர்ப்பவர் எவர் வீட்டிலும் வாசிக்காதது ஒரு பங்கு இருக்கும், அகராதியையும் நிகண்டையும் யாரும் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. அடுக்கில் இருப்பவை உங்களைக் குற்றம் சாட்டுவதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பத்திதான் எனக்குக் கவலை தந்தது. புத்தகம் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒருவர் அதே அலமாரியைப் பார்க்கத் தயங்கி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார் என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலில் கண் டாக்டர்

மனநல ஆலோசகரிடம் கேட்டால் கண் டாக்டரைச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய எவருக்கும் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்கிறது, கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. நம் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம். 46 வயதில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வோர் அறிகுறியும் அதோடு ஒத்துப்போகிறது: எழுத்து கலங்குவது, நெற்றியில் வலி, மங்கலான வெளிச்சத்தில் இன்னும் மோசமாவது. பரீட்சைத் தாள் திருத்தும்போது தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறீர்களா என்று நாளைக்குக் கவனியுங்கள்.

போன் மட்டும் ஏன் உறுத்தவில்லை? அதில் வெளிச்சம் உள்ளிருந்தே வருகிறது, எழுத்தை விரலால் பெரிதாக்கலாம், வரிகள் குட்டையாக இருக்கின்றன. பக்கம் குறைய வேண்டுமென்று பொடி எழுத்தில் நெருக்கி அச்சிட்ட ஒரு பருமனான நாவலை, படுக்கையறையின் இரவு விளக்கில் வாசிப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். போனை எடுத்ததற்காக உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டீர்கள். உங்கள் கண் தன்னால் முடிந்ததைத் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பிளாட்பாரத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி வேண்டாம், இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முறையாகப் பரிசோதியுங்கள். அப்படியே கண்ணின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், நாற்பதுக்கு மேல் அது அவசியம். ரத்தச் சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வை கலங்கும். தைராய்டு குறைந்தால் அசதியும் மறதியும் வரும். விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு பிறகு தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் அப்படி நேர்வதுண்டு, துக்கத்திலும் நேர்வதுண்டு. டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், புத்தகம் மட்டுமல்லாமல் முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, பசியில்லை, பள்ளிக்குப் போவதே மலைப்பாக இருக்கிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதற்கு மனநல மருத்துவர் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கணவரும் கிரெடிட் கார்டும்

சட்டம் கேட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதற்கு வக்கீல் தேவையும் இல்லை. உங்கள் சம்பளம் உங்களுடையது, அதில் வாங்கிய புத்தகமும் உங்களுடையது. உங்களைக் கேட்காமல் எடுத்து விற்க அவருக்கு உரிமை கிடையாது. இதை அவரிடம் நிதானமாக ஒரு தடவை சொல்லலாம். ஆனால் அவர் உண்மையில் கேட்டது அந்தக் கேள்வியை அல்லவே. ‘புஸ்தகத்தையா, கடனையா’ என்றாரே, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கடிதம் முழுக்கப் புத்தகத்தின் பெருமையைப் பேசி அவரை ஞானசூனியம் ஆக்கப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக் கடன் கட்டுகிற ஒருவர், இன்னொரு கடன் இருப்பதைத் தங்கை வாயால் தெரிந்துகொண்டால் கோபப்படத்தான் செய்வார்.

கடனின் கணக்கைப் பார்ப்போம். கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றிலிருந்து நான்கு சதவீதத்துக்குள் இருப்பதுதான் வழக்கம். மூன்றரை என்றே வையுங்கள். 18,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 630 ரூபாய். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 113 ரூபாய். மொத்தம் 743. அச்சுப் புத்தகத்துக்கு இந்த நாட்டில் ஜிஎஸ்டி கிடையாது. நீங்கள் மட்டும் சுற்றி வளைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி என்று வாங்கினீர்களே, அந்த லாபம் மூன்றாம் மாதமே வட்டியில் கரைந்துவிட்டது. நிலுவை இருக்கும்வரை அதே கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பதையும் மறக்காதீர்கள்.

குறைந்தபட்சத் தொகை என்பது அபராதத்திலிருந்து தப்பிக்க உதவும், கடனை அடைக்க உதவாது. சீட்டுப் பணம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதிலிருந்து முழுதாக அடைத்துவிடுங்கள். அடைப்பதற்கு முன்பே ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கணவர் முன்னால் வையுங்கள். விளக்கம் வேண்டாம், தொகையையும் அடைக்கப்போகும் தேதியையும் மட்டும் சொல்லுங்கள். பிறகு, “மாதம் இவ்வளவு என் புத்தகத்துக்கு. அதற்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன், அதற்கு மேல் போகவும் மாட்டேன்” என்று ஒரு தொகையை இருவருமாகப் பேசி முடிவுசெய்யுங்கள். அவரும் தனக்கென்று ஒரு தொகை வைத்துக்கொள்ளட்டும். அவர் கேள்வி கேட்காத ஒரு தொகை உங்களுக்கு இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பாதிக்கும் பெண் தன் வீட்டுக்குள் தன் புத்தகத்தைத் திருட்டுப் பொருள்போலக் கொண்டுவர நேர்வதில் கணவர் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. புடவை வாங்கினால் பிரித்துக் காட்டச் சொல்கிறவர்கள் புத்தகம் வாங்கினால் விலையைக் கேட்கும் வீடுகள் நிறைய. ஆனால் அதைப் பேசுவதற்கான நேரம் கடன் அடைந்த பிறகுதான் வரும்.

பள்ளி முகவரியை மாற்றிவிடுங்கள். பார்சல் வீட்டுக்கே வரட்டும். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்படியான பார்சல் என்றால், ஆர்டர் போடும் முன் நீங்களே இரண்டு தடவை யோசிப்பீர்கள்.

‘அப்புறம் கிடைக்காதே’

உங்கள் பயங்களில் எனக்கு மிகவும் புரிகிற பயம் இது. தமிழில் ஆயிரம் பிரதி அச்சிட்டு, அது தீர்ந்தால் பத்து வருடம் மறுபதிப்பு வராமல் போன புத்தகங்கள் ஏராளம். ‘அச்சில் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். கண்ணில் பட்டபோதே வாங்கு என்பது அந்தக் காலத்தில் புத்திசாலித்தனம்.

நிலைமை இப்போது மாறியிருக்கிறது. தேவைக்கேற்ப ஐம்பது நூறு பிரதிகள் அச்சிடும் வசதி வந்துவிட்டதால் பதிப்பகங்கள் பழைய தலைப்புகளையும் விடாமல் வைத்திருக்க முடிகிறது. பாரதியில் (1949) தொடங்கி எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். உங்கள் பட்டியலில் அத்தகைய ஆசிரியர்களின் தலைப்புகளே நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை அவசரமாக வாங்கும் தேவை எங்கே? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பலவற்றை இலவசமாகவே வாசிக்கலாம்.

வாட்ஸப் குழுவில் வரும் பிடிஎஃப்களை இதோடு சேர்க்காதீர்கள். 3,000 கோப்பு சேர்த்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவரின் நாவலை ஸ்கேன் செய்து அனுப்புவது குற்றம். ‘நான் வாங்குவதே எழுத்தாளர்களை வாழவைக்கத்தான்’ என்று நான்காம் பக்கத்திலும், இதை ஏழாம் பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் சேராது. ராயல்டி பெரும்பாலும் விலையில் பத்து சதவீதம் அளவுக்குத்தான் வருகிறது. 400 ரூபாய் நாவலில் ஆசிரியருக்கு நாற்பது ரூபாய். ஒரு புத்தகத்தை உண்மையாக வாசித்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதிலிருந்து ஒரு பக்கம் சொன்னால் அந்த எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய கைங்கரியம். அந்த வசதி டீச்சராகிய உங்களுக்கு வாய்த்த அளவு வேறு யாருக்கு வாய்க்கும்?

வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், சொத்து வரியில் பத்து சதவீதம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து நாம் கட்டி வருவது. உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் கிளை நூலகம் இருப்பதாகவும், ‘அங்கே பழசுதான் இருக்கும்’ என்பதால் 2011க்குப் பிறகு போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட இடம் அது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் குறை சொல்லுங்கள். நூலகப் புத்தகத்தில் உங்கள் நிலைமைக்குக் கூடுதலாக ஒரு நன்மை உண்டு, திருப்பித் தர வேண்டிய தேதி. சொந்தப் புத்தகம் எப்போதும் காத்திருக்கும், அதனாலேயே பின்னுக்குப் போகும்.

ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் வாசிப்பேன் என்கிறீர்களே, அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். வாசிக்காதவை 420 என்று வைத்து, சராசரி 250 பக்கம், தினமும் 25 பக்கம் என்றால் 4,200 நாள். பதினோரு வருடத்துக்கும் மேல், புதிதாக ஒன்றுகூட வாங்காமல். 60 வயதில் தொடங்கினால் முடிக்கும்போது 71. பயமுறுத்தச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாசித்து முடிக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மகன் ஒருநாள் வாசிப்பான் என்ற நம்பிக்கையையும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம். அவன் வாசித்தால் அவனுக்குப் பிடித்ததை வாசிப்பான்.

அடுத்து என்ன வாசிப்பது

214 தலைப்புள்ள பட்டியலை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. எதை எடுத்தாலும் 213ஐ ஒதுக்கிய குறை நெஞ்சில் நிற்கும். நோட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு சீட்டில் மூன்று தலைப்பு மட்டும் எழுதுங்கள். மூன்றும் வீட்டில் இருப்பவையாக இருக்கட்டும்.

முதலாவது, இருபது வயதில் நீங்கள் விரும்பி வாசித்த ஒன்று. மறுவாசிப்பு உங்கள் கணக்கில் சேராது என்று எங்கோ எழுதியிருக்கிறீர்கள், யார் போட்ட கணக்கு அது? நீண்ட நாள் வாசிக்காமல் இருந்த மனத்துக்கு, தெரிந்த ஊருக்குள் நடப்பது எளிது. கதை எங்கே போகிறது என்ற பதைப்பு இல்லாததால் வரிகள் தெரியும்.

இரண்டாவது, சிறுகதைத் தொகுப்பு. ஒரு கதை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றரை வருடமாக எதையும் முடிக்காதவருக்கு ‘முடித்தேன்’ என்ற உணர்வு இப்போது மருந்து மாதிரி வேலை செய்யும். பட்டியலின் முதலிடத்தில் இருக்கும் ஆயிரம் பக்க மொழிபெயர்ப்பு நாவலைக் கண்ணாடி வந்து மூன்று மாதம் ஆகும்வரை தொடாதீர்கள்.

மூன்றாவதை உங்கள் அம்மாவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்டு உறங்கும்வரை தொடர்கதை வாசித்துக் காட்டியதைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். பாதியில் நின்ற அந்தப் புத்தகம் எது என்று எழுதவில்லை, வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் நீங்கள் முடிக்காததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும். முடியவே இல்லை என்றால் மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரிடமாவது பேசுங்கள். உங்கள் கணவரிடமே பேசலாம். அந்த இரண்டு வருடமும் மாமியாரைத் தூக்கி உட்கார வைத்தவர் அவர் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நேரத்தை மாற்றுங்கள். இரவு பத்து மணிக்கு, சமையலும் திருத்தலும் முடிந்து, மிச்சம் மீதி இருக்கும் கண்ணோடு வாசிப்பதால்தான் இரண்டு பக்கத்தில் நிற்கிறது. மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதே, அந்த நேரத்தில் புரண்டுகொண்டிருக்காமல் கூடத்துக்கு வந்து நல்ல விளக்கில் பதினைந்து நிமிடம் வாசியுங்கள், தூக்கம் வந்தால் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மதிய இடைவேளையும் இருக்கிறது. போன் வேறு அறையில் கிடக்கட்டும்.

பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்தில் விட்டுவிடலாம், தமிழாசிரியைக்கும் இந்தச் சலுகை உண்டு. வருடத்துக்கு ஐம்பது என்ற இலக்கில் எனக்கு உடன்பாடே இல்லை. அது ஒல்லியான புத்தகங்களைத் தேடி வாசிக்கத்தான் பழக்கும்.

பரணில் இருக்கும் ஐந்து பெட்டிகளையும் இந்தக் கோடை விடுமுறையில் இறக்குங்கள். இராமபாணப் பூச்சி அரிக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா பாருங்கள். டெல்டா மழைக்காலத்தில் மூடிய அட்டைப்பெட்டி புத்தகத்துக்கு நல்ல இடமே இல்லை. அப்போது, இனி வாசிக்கப்போவதில்லை என்று தெளிவாகத் தெரிபவை ஒரு ஐம்பதாவது கைக்குத் தட்டுப்படும். அவை பள்ளி நூலகத்துக்கோ கிளை நூலகத்துக்கோ போகட்டும், எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நூலகரிடம் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எடைக்குப் போட வேண்டிய அவசியம் வராது. கணவரையும் மகனையும் பெட்டி இறக்கக் கூப்பிடுங்கள், என்ன இருக்கிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.

ஜனவரி

போங்கள். புத்தகக் காட்சிக்கே போகக் கூடாது என்று விரதம் எடுத்தால் பிப்ரவரியில் பார்சலாக வந்து சேரும். கார்டை வீட்டில் வைத்துவிட்டு, பேசி முடிவுசெய்த தொகையைப் பணமாக எடுத்துப் போங்கள். போனிலிருந்து பணம் அனுப்பும் செயலியையும் அன்றைக்கு நீக்கிவிட்டால் நல்லது, கையில் காசு தீர்ந்ததும் ‘ஸ்கேன் பண்ணுங்க மேடம்’ என்பார்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் அரங்குகளைப் பாருங்கள், தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டீ குடித்துவிட்டு இரண்டாம் சுற்றில் வாங்குங்கள். முதல் சுற்றில் துடித்த பாதி தலைப்புகள் டீயோடு அடங்கிவிடும். முன்வெளியீட்டுத் திட்டம் எதுவும் இந்த வருடம் வேண்டாம்.

முகநூல் படத்தை வாங்கிய அன்று போடாமல், வாசித்து முடித்த அன்று அந்த ஒரு புத்தகத்தை மட்டும் போடுங்கள். அரை வருடத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்.

கண் டாக்டரைப் பார்த்ததும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கார்டு நிலுவையை ஜனவரிக்கு முன் அடைக்க முடியவில்லை என்றாலோ, அடைத்த பிறகும் கணவருக்குத் தெரியாமல் மறுபடி ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றாலோ, கடிதம் போதாது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். இந்தக் கடிதத்தின் நகலைக் கையில் கொண்டுபோனால் முதலிலிருந்து சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.